பக்கத்து ஆன்டெனா செய்யும் வம்பு

வடக்கனந்தலில் நின்று மேற்கே பார்த்தால் கல்வராயன் மலை. இங்கே ஒரு நவீன 5ஜி டவர் நின்றால், ஒரு நொடி ஊருக்குள்ளும் மறுநொடி மலையடிவாரத்துக்கும் அலையைத் திருப்ப வேண்டியிருக்கும். டவர் அசையாது. அதன் பலகையில் வரிசையாக இருக்கும் ஆன்டெனாக்களுக்குச் சற்றே முன்பின்னாகச் சிக்னல் கொடுத்தால் அலை தானே திரும்பும். பெரிய பலகைகளில் ஆன்டெனாக்களுக்குச் சிக்னலை வலுவாக்கித் தரும் பெருக்கிகள் 64 வரை உண்டு.

3.5 கிகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் சுமார் 8.6 சென்டிமீட்டர். அதில் பாதி தூரத்தில், நாலேகால் சென்டிமீட்டரில், அடுத்த ஆன்டெனா. இவ்வளவு நெருக்கத்தில் ஒன்று அனுப்பும் ஆற்றலில் நூறில் மூன்று பங்கு பக்கத்து ஆன்டெனாவுக்குள் புகுந்துவிடலாம். மூன்று பங்குதானே என்று விட முடியாது. புகுந்த அலை பெருக்கியின் வெளிவாய் வழியே உள்ளே ஏறி, அது தாங்கும் சுமையையே மாற்றிக் காட்டுகிறது. ஒரே டிரான்ஸ்ஃபார்மரில் பக்கத்து வயல் மோட்டார் ஓடினால் நம் மோட்டார் முனகுமே, அதுபோல. நம் மோட்டாரில் பழுதில்லை. அலையின் திசை மாறும்போதெல்லாம் அந்தச் சுமையும் மாறுவது கூடுதல் தலைவலி.

உள்ளே இரட்டிப்பானால் வெளியேயும் இரட்டிப்பாக வேண்டும். பெருக்கியின் ஒழுக்கம் அதுதான். சுமை மாறி அது கெட்டால் சிக்னல் பக்கத்து அலைவரிசைக்குள் சிந்தும். மொபைல் தரங்களை வகுக்கும் 3ஜிபிபி அமைப்பின் விதிப்படி அங்கே சிந்துவது சொந்தச் சிக்னலில் சுமார் முப்பதாயிரத்தில் ஒரு பங்குக்குள் அடங்க வேண்டும். கோணல் எப்படி வரும் என்று கணித்து, சிக்னலை முன்கூட்டியே எதிர்ப்பக்கம் வளைத்து அனுப்பும் கணக்கு ஒன்று உண்டு. தனிப் பெருக்கிக்கு அது அருமையாக வேலை செய்யும். பக்கத்து வீட்டுச் சிக்னலையும் சேர்த்துக் கணக்குப் போடச் சொன்னால் சில்லுக்கு மூச்சு வாங்கும், மின்சாரமும் கரையும். ஆகவே கசிவை ஆன்டெனாவிலேயே அடைப்பதுதான் புத்திசாலித்தனம் என்பேன்.

ஹாங்காங் சீனப் பல்கலைக்கழகத்தின் கே-லி வூ குழு 2017-இல் வெளியிட்ட வழி அழகானது. ஆன்டெனா வரிசைக்குச் சற்று மேலே, சிறு உலோகத் துண்டுகள் பதித்த மெல்லிய தகடு. அலையில் கொஞ்சத்தை அத்துண்டுகள் எதிரொளிக்கும். நேராகக் கசியும் அலைக்குச் சம வலிமையிலும் எதிர்க்கட்டத்திலும் (ஒன்றின் மேடு மற்றதன் பள்ளத்தில் விழுமாறு) அது பக்கத்து ஆன்டெனாவைச் சேர்ந்தால் இரண்டும் ஒன்றையொன்று தீர்த்துக்கொள்ளும். துண்டின் அளவு வலிமையையும், தகட்டின் உயரம் கட்டத்தையும் தீர்மானிக்கின்றன. நூறில் மூன்று, ஆயிரத்தில் மூன்றாகக் குறைந்தால் பெருக்கிக்குப் பெரும் நிம்மதி.

சிக்கலும் உண்டு. எதிரொளியில் ஒரு பகுதி அனுப்பிய ஆன்டெனாவுக்கே திரும்பி அதன் பொருத்தத்தைக் கெடுக்கும். அலைவரிசை மாறினால் கட்டமும் மாறுவது இன்னொரு சிக்கல். 2022 அலைக்கற்றை ஏலத்தில் இந்தியா விற்ற நடுப்பட்டை 3300 முதல் 3670 மெகாஹெர்ட்ஸ் வரை அகன்றது. நடுவில் கச்சிதமாகத் தீரும் கசிவு இரு ஓரங்களிலும் மிச்சம் வைக்கும். தகடு செய்பவருக்கு வேலை அங்கேதான்.