பேனா போய்ப் பொத்தான் வந்தால்...

தஞ்சை அரண்மனையிலுள்ள சரசுவதி மகால் நூல் நிலையத்தைப் பற்றிக் கேள்விப்படாதவர்கள் இருக்க முடியாது. அங்கே குவிந்திருக்கும் சுவடிகளையும் ஓவியங்களையும் கண்டு வியக்காதவர்களும் இல்லை. ஆனால் டாக்டர்களே வியந்து பார்க்கத்தக்க பொருள் ஒன்றும் அந்த நிலையத்தில் பாதுகாக்கப்பட்டிருக்கிறது. கண் நோயாளிகளைப் பற்றிய குறிப்புத் தாள்கள்தாம் அவை!

1798 முதல் 1832 வரை அரியணையில் இருந்த இரண்டாம் சரபோஜி மன்னர் காலத்தவை அந்தத் தாள்கள். மன்னர் நிறுவிய தன்வந்திரி மகாலில் நாட்டு வைத்தியமும் மேனாட்டு வைத்தியமும் அருகருகே நடந்தன. வந்த நோயாளிக்குக் கண்ணில் என்ன கோளாறு, என்ன சிகிச்சை நடந்தது என்பதை எழுதி வைத்தார்கள். நோயுற்ற கண்ணை வர்ணத்தில் படமாகவும் தீட்டி வைத்தார்கள்.

ஆகவே, நோயாளியின் விவரத்தைப் பத்திரப்படுத்த வேண்டும் என்ற எண்ணம் காவேரிக் கரைக்குப் புதிதல்ல. காகிதத்தில் இருந்த அந்தக் குறிப்பு இப்போது கம்ப்யூட்டர் திரைக்கு ஏறுகிறது. அதுதான் புதிது. திரையை வாங்கி வைப்பது எளிது. அதன் முன்னால் உட்காரப் போகும் டாக்டரைத் தயார் செய்வதுதான் கடினம்!

நனைந்த சீட்டு

நடவு வேலை செய்யும் ஒரு மூதாட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். போன மாதம் ஊருக்கு அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் மருந்து வாங்கினார். இன்று பஸ் ஏறித் தஞ்சாவூர் பெரிய ஆஸ்பத்திரிக்கு வந்திருக்கிறார்.

“என்ன மாத்திரைம்மா சாப்பிட்டீங்க?”

“வெள்ளையிலே ஒண்ணு, செவப்பிலே ஒண்ணுங்க, ஐயா.”

“சீட்டு எங்கே?”

“மடியிலேதான் வச்சிருந்தேன். மழையிலே நனைஞ்சு போச்சுங்க!”

டாக்டர் என்ன செய்வார்? பரிசோதனையை முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான். அந்த மூதாட்டிக்குப் பென்சிலின் ஒத்துக்கொள்ளாது என்று பழைய சீட்டில் எழுதியிருந்தால், சீட்டோடு அந்த எச்சரிக்கையும் கரைந்து போயிற்று. அதனால் உயிருக்கே ஆபத்து நேரலாம் அல்லவா?

இந்தக் குறையைப் போக்கத்தான் மின்னணு மருத்துவப் பதிவேடு. உலக வங்கியின் உதவியுடன் 2005-ல் தொடங்கிய தமிழ்நாடு சுகாதாரத் திட்டம், அரசு ஆஸ்பத்திரிகளில் கம்ப்யூட்டர் பதிவுக்கு வழி வகுத்தது. 2021 செப்டம்பரில் மத்திய சர்க்கார் நாடு முழுவதற்கும் ஆயுஷ்மான் பாரத் டிஜிட்டல் திட்டத்தைத் தொடங்கி வைத்தது. விரும்புகிறவர்களுக்கு 14 இலக்க எண் ஒன்று அதில் கிடைக்கிறது. ஒரே கிராமத்தில் ஒரே தலைப்பெழுத்துடன் நான்கு செல்வராஜ்கள் இருப்பது நம் பக்கத்தில் சகஜம். எண் இருந்தால் ஒருவரின் ரத்தப் பரிசோதனை இன்னொருவரின் கணக்கில் ஏறாது.

டாக்டர்களின் தயக்கம்

இவ்வளவு நன்மை இருந்தும் டாக்டர்கள் ஏன் தயங்குகிறார்கள்? அவர்களுடைய தயக்கத்திலும் நியாயம் இருக்கிறது. வெளி நோயாளிகள் பிரிவில் காலையில் நிற்கும் வரிசையைப் பார்த்தவர்களுக்கு அது விளங்கும். பேனாவால் நான்கே வரியில் முடிகிற வேலைக்குத் திரையில் பல கட்டங்களை நிரப்ப வேண்டுமென்றால் வரிசை எப்படி நகரும்?

இது வெறும் சாக்கு அல்ல. அமெரிக்காவில் டாக்டர்களின் வேலையை நேரில் கவனித்து எழுதிய ஓர் ஆய்வு 2016-ல் வெளியாயிற்று. நோயாளிகளுடன் ஒரு மணி நேரம் செலவிடும் டாக்டர், கம்ப்யூட்டர் பதிவுக்கும் மேஜை வேலைக்கும் ஏறக்குறைய இரண்டு மணி நேரம் செலவிடுகிறார் என்று அது கண்டது.

லாஸ் ஏஞ்சலிஸ் நகரில் சீடர்ஸ் சினாய் என்ற பெரிய ஆஸ்பத்திரி இருக்கிறது. மருந்துச் சீட்டுகளைக் கம்ப்யூட்டரில் எழுதும் முறையை 2002-ல் அங்கே கொண்டு வந்தார்கள். வேலை தாமதமாகிறது, நோயாளிகளுக்கு ஆபத்து என்று நூற்றுக்கணக்கான டாக்டர்கள் போர்க்கொடி தூக்கினார்கள். 2003 ஜனவரியில் அந்த முறையை நிறுத்தி வைக்க வேண்டியதாயிற்று. பணத்துக்குப் பஞ்சமில்லாத இடத்திலேயே இந்தக் கதி!

சேறு பண்பட வேண்டும்

நாற்று எவ்வளவு நல்லதாயிருந்தாலும், உழுது பண்படுத்தாத வயலில் நட்டால் வேர் பிடிக்குமா? டாக்டர்களின் பயிற்சியும் அப்படித்தான். ஒரு நாள் மத்தியானம் எல்லோரையும் கூடத்தில் உட்கார வைத்துப் படம் காட்டி அனுப்பினால் போதாது.

முதலில், கற்பனை நோயாளிகளின் பெயரில் பதிவு செய்து பழக வேண்டும். அதில் தவறு நேர்ந்தால் யாருக்கும் தீங்கில்லை. ஒவ்வொரு பிரிவிலும் ஓரிரு டாக்டர்களை முன்னதாகத் தயார் செய்து மற்றவர்களுக்குக் கைகொடுக்க வைக்க வேண்டும். கண் டாக்டருக்கு வேண்டிய கட்டம் வேறு. பிரசவ வார்டுக்கு வேண்டியது வேறு. அவரவர் வேலைக்குத் தக்கபடி கற்பித்தால்தான் மனத்தில் பதியும். முதல் சில வாரங்களில் கூடுதல் ஆட்களும் கூடுதல் நேரமும் கொடுப்பது அவசியம்.

சில பழக்கங்களையும் ஆரம்பத்திலேயே தடுக்க வேண்டும். நேற்றைய குறிப்பை அப்படியே நகல் எடுத்து இன்றைய தேதியில் ஒட்டினால், நேற்றைய தவறும் கூடவே வந்து சேரும். ஒருவரின் கடவுச்சொல்லை மற்றவர் உபயோகித்தால், எந்த மருந்தை யார் எழுதினார் என்பதே தெரியாமல் போய்விடும். எச்சரிக்கைகள் அடிக்கடி தோன்றினால், படிக்காமலே அவற்றைத் தள்ளிவிடும் பழக்கம் ஏற்படும். அப்படித் தள்ளப்படுவதில் பென்சிலின் எச்சரிக்கையும் ஒன்றாக இருக்கலாம்!

மின்சாரம் போனால்?

டெல்டா மக்களுக்கு இந்தக் கேள்வியின் பொருளை விளக்க வேண்டியதில்லை. 2018 நவம்பர் 16-ஆம் தேதி வேதாரண்யம் பக்கம் கரையைக் கடந்த கஜா புயல் மின் கம்பங்களை முறித்துப் போட்டது. பல கிராமங்கள் நாள் கணக்கில் இருளில் கிடந்தன. புயல் வேண்டாம், திருடனே போதும்! 2022 நவம்பரில் டில்லி எய்ம்ஸ் ஆஸ்பத்திரியின் கம்ப்யூட்டர்களை இணையத் திருடர்கள் முடக்கினார்கள். சுமார் இரண்டு வாரம் அங்கே எல்லாம் கையெழுத்தில் நடந்தன.

எனவே பேனாவையும் காகிதத்தையும் மறந்துவிடக் கூடாது. திரை அணைந்தால் எந்தத் தாளில் எழுதுவது, வெளிச்சம் வந்ததும் யார் அதைத் திரையில் ஏற்றுவது என்பதும் பயிற்சியில் ஒரு பாடமாக இருக்க வேண்டும்.

கடைசியாக ஒரு பாடம் உண்டு. முதல் பாடமும் அதுதான். திரையைச் சற்றுத் திருப்பி வைத்தால், டாக்டரின் முகம் நோயாளியை விட்டு விலகாது. எழுதுவதை வாய்விட்டுச் சொன்னால், “அந்த மாத்திரை எனக்கு ஒத்துக்காதுங்க, ஐயா” என்று மூதாட்டியே திருத்திவிடுவார்.

சரபோஜி மன்னர் காலத்து ஓவியர் அந்த வர்ணப் படங்களை எப்படித் தீட்டியிருப்பார்? முதலில் நோயாளியின் கண்ணை நன்றாகப் பார்த்தார். அதன் பிறகுதான் தாளில் தூரிகையை வைத்தார். பொத்தானைத் தட்டும் காலத்திலும் அந்த வரிசை மாறாமல் இருந்தால், புதிய முறை வேரூன்றும், நோயாளியும் பிழைத்துக்கொள்வார்.