எமகண்டமும் என் சமையல்கட்டும்

எங்கள் திருமலைராயன்பட்டினத்தில் காளமேகப் புலவர் எமகண்டம் பாடிய கதை தெரியாதவர்கள் குறைவு. கீழே கொதிக்கும் கொப்பரை, மேலே உறியில் புலவர். சுற்றியிருந்த கவிராயர்கள் கேட்டதற்கெல்லாம் அசராமல் பாடினாராம். காலை ஏழு மணிக்கு என் சமையல்கட்டும் அப்படித்தான். ஒரு அடுப்பில் சாம்பார், இன்னொன்றில் இட்லி, தோளுக்கும் காதுக்கும் நடுவே செல்போன், கை பாட்டுக்கு மகளுக்குத் தலை பின்னும். "அஷ்டாவதானி" என்று என் வீட்டுக்காரர் கேலி செய்வார். எனக்கும் உள்ளூரப் பெருமைதான்.

அந்தப் பெருமை போன மாசி மகத்தன்று போச்சு. திருக்கண்ணபுரம் சௌரிராஜப் பெருமாள் தீர்த்தவாரிக்கு எங்கள் ஊர்க் கடற்கரைக்கு வரும் நாள். வீடு நிறைய விருந்தாளிகள். மாமியாருக்குச் சாப்பாட்டுக்கு முன் போடும் சர்க்கரை மாத்திரையைக் கொடுத்தேன். அதற்குள் போன் வந்தது, பால் பொங்கியது, யாரோ காபி கேட்டார்கள். கொடுத்தேனா இல்லையா என்பதே மறந்து மறுபடியும் கொடுத்துவிட்டேன். அத்தையும் என்னை நம்பி விழுங்கிவிட்டார். பத்து மணிக்கு அவருக்கு வேர்த்துக் கொட்டியது, கை நடுங்கியது. "கண்ணை இருட்டுதுடி" என்றார். நல்ல நினைவோடு இருந்ததால் உடனே சர்க்கரையைக் கரைத்துக் கொடுத்து, ஆட்டோவில் காரைக்காலுக்கு ஓடினோம். மாத்திரையின் வேகம் மணிக்கணக்கில் இருக்கும், சர்க்கரை மறுபடியும் இறங்கலாம் என்று ஒரு ராத்திரி ஆஸ்பத்திரியிலேயே வைத்துப் பார்த்தார்கள்.

அங்கே பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோதுதான் தோன்றியது: காளமேகம்கூட ஒரு பாட்டை முடித்த பிறகுதானே அடுத்ததைத் தொடங்கியிருப்பார்? வாய் ஒன்றுதானே! நம் மனசும் அப்படித்தான். இரண்டு வேலையைச் சேர்த்துப் பார்ப்பதாக நினைக்கிறோம். உண்மையில் மனசு இங்கும் அங்கும் தாவுகிறது. தாவும்போது எதையாவது தவற விடுகிறது.

இப்போதெல்லாம் மாத்திரை கொடுக்கும்போது அடுப்பை அணைத்துவிடுவேன், போனை எடுக்க மாட்டேன். கொடுத்த கையோடு காலண்டரில் ஒரு டிக். ஏழு நாளுக்கு ஏழு அறை உள்ள மாத்திரை டப்பாவும் வாங்கியாச்சு. அறை காலியாக இருந்தால் கொடுத்தாயிற்று என்று அர்த்தம். மற்ற வேலைகளையும் முதல் நாள் ராத்திரியே இரண்டாகப் பிரித்துக்கொள்கிறேன்: தவறினால் திருத்த முடியாதவை, திருத்திக்கொள்ளக்கூடியவை. மருந்து, கேஸ், குழந்தையை ரோடு தாண்டிவிடுவது எல்லாம் முதல் வகை. அவற்றைத் தனித்தனியாக, முழுக் கவனத்தோடுதான் செய்கிறேன்.

சாம்பாரில் உப்பு குறைந்தால் போட்டுக்கொள்ளலாம், சகோதரிகளே. அஷ்டாவதானி பட்டம் நமக்கு வேண்டவே வேண்டாம்!

– ஒரு வாசகி, திருமலைராயன்பட்டினம்