நான்கு சக்கரத்துக்குக் காசு, இரண்டு சக்கரத்துக்கு ஓட்டம்

பழைய நான்கு சக்கர இயக்க வாகனத்தை வாங்குபவர் நான்கு சக்கரத்துக்கும் சேர்த்துத்தான் காசு கொடுக்கிறார். நான்கும் இழுக்கின்றனவா என்று பார்த்து வாங்குபவர் குறைவு. ஜாலான் புக்கிட் மேரா, அலெக்சாண்ட்ரா வில்லேஜ் வட்டாரத்துப் பட்டறை ஒன்றில் பழைய பஜேரோவையோ ஜிம்னியையோ காட்டும்போது எஞ்சினைக் கேட்போம், ஏர்கானைக் கேட்போம், வாகன உரிமைச் சான்றிதழில் இன்னும் எத்தனை மாதம் இருக்கிறது என்று கேட்போம். முன்சக்கரத்தின் நடுவில் உள்ளங்கை அளவுக்கு உட்கார்ந்திருக்கும் லாக்கிங் ஹப்பை யாரும் கேட்பதில்லை. சிங்கப்பூரின் தார்ச்சாலையில் அது வேலை செய்யாமல் போனாலும் தெரியாது. தெரியாமலே மாதங்கள் ஓடிவிட்டால், சட்டம் தரும் பாதுகாப்பும் கைநழுவிவிடும். ஆகவே இந்த ஒரு பாகத்தைப் பணம் கொடுப்பதற்கு முன்பே சோதித்து, அது வேலை செய்கிறது என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும். பிறகு எவ்வளவு வாதாடினாலும் அந்த ஒரு வரிக்கு ஈடாகாது.

ஹப் செய்கிற வேலை எளியது. அரை ஆக்சிலையும் சக்கரத்தையும் அது கோக்கிறது, வேண்டாதபோது கழற்றிவிடுகிறது. கழன்ற நிலையில் முன்சக்கரம் மட்டும் சுழலும். ஆக்சில், டிஃபரன்ஷியல், முன்பக்க புரொப்பெல்லர் ஷாஃப்ட் மூன்றும் சும்மா இருக்கும். தேய்மானமும் சத்தமும் குறையும், எரிபொருளும் கொஞ்சம் மிச்சமாகும். போருக்குப் பின் மலிவாகக் கிடைத்த ராணுவ ஜீப்புகளைச் சாலையில் ஓட்டியவர்களுக்காக ஆர்தர் வார்ன் 1948இல் அமெரிக்காவின் சியாட்டிலில் இதைச் செய்து விற்கத் தொடங்கியதும் இதற்காகத்தான். வில்லங்கம் எங்கே என்றால், ஓட்டுநர் லீவரை நான்கு சக்கர இயக்கத்துக்கான 4எச்சுக்குத் தள்ளியதும் டேஷ்போர்டில் பச்சை விளக்கு எரிகிறது. பல வாகனங்களில் அந்த விளக்கு டிரான்ஸ்ஃபர் கேஸ் மாறியதை மட்டுமே சொல்கிறது, ஹப் கோத்ததா என்பதைச் சொல்வதில்லை. ஒரு பக்க ஹப் மட்டும் கோக்காமல் போனாலே போதும். சாதாரண டிஃபரன்ஷியல் எதிர்ப்பில்லாத பக்கத்துக்கே சுழற்சியை விடும் என்பதால், கோக்காத பக்கத்து ஆக்சில் வெறுமனே சுற்ற, கோத்த பக்கத்துச் சக்கரமும் இழுக்காது. சேற்றில் சிக்குவதோடு இது முடிவதில்லை. செங்குத்தான ஈர இறக்கத்தில் குறைவேக நிலையான 4எல்லில் இறங்கும்போது எஞ்சினின் பிடிமானம் பின்சக்கரங்களுக்கு மட்டுமே கிடைக்கும். பின்பக்கம் வழுக்கித் திரும்பிவிடக்கூடும்.

இந்த ஊரில் ஹப் கெடுவதற்குப் பெரும்பாலும் காரணம் பயன்படுத்தாமை. உள்ளே நகர வேண்டிய வளையம் ஆண்டுக்கணக்கில் ஒரே இடத்தில் நிற்கிறது. கிரீஸ் காய்ந்து பிசினாகிறது. தேய்ந்த ஓ-ரிங் வழியாகப் புகுந்த நீர் அதைப் பால்நிறக் குழம்பாக்குகிறது. அதைவிட மோசம், நல்லெண்ணத்தோடு செய்யும் தவறு: சக்கர பேரிங்குக்கான கெட்டி கிரீஸை ஹப்புக்குள்ளும் திணித்துவிடுவது. நகர வழியில்லாமல் வளையம் பாதியில் நின்றுவிடும். பாதி கோத்த ஹப் கடகடவென்று பல் தாவி, கடைசியில் பல்லையே உடைத்துக்கொள்ளும். சரியான பராமரிப்பு இதுதான்: மூடியைக் கழற்றி, பழைய கிரீஸை முழுக்கத் துடைத்துக் கழுவி உலர்த்த வேண்டும். ஸ்பிரிங், சர்க்ளிப், பற்களைப் பார்த்துவிட்டு மெல்லிய பூச்சாக மட்டும் கிரீஸ் தடவி, புது ஓ-ரிங்கோ கேஸ்கெட்டோ போட்டு, அந்த மாடலின் கையேடு சொல்லும் அளவுக்கே போல்ட்டுகளை இறுக்க வேண்டும். ஜிம்னியில் 1998 முதல் 2018 வரை வந்த தலைமுறையில் ஹப்பைக் கோப்பது வேக்குவம். அங்கே முதல் சந்தேகம் வெடித்த ரப்பர் ஹோஸ்கள்மீதும் சீல்கள்மீதும் விழ வேண்டும். மெக்கானிக் கை வேக்குவம் பம்ப்பை இணைத்து, முள் நிற்கிறதா இறங்குகிறதா என்று பார்த்தாலே பாதி விடை கிடைத்துவிடும்.

கையால் திருப்பும் ஹப் என்றால் சோதனைக்கு அரைமணி நேரம்கூட ஆகாது. சமதளத்தில் நிறுத்தி, பின்சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, லீவரை இரண்டு சக்கர இயக்கத்துக்கான 2எச்சில் வைத்து, ஒரு முன்சக்கரத்தை ஜாக்கியில் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்துங்கள். ஹப் ‘ஃப்ரீ’யில் இருக்கும்போது சக்கரத்தைச் சுற்றினால் உள்ளே ஆக்சில் அசையக் கூடாது, ‘லாக்’கில் இருக்கும்போது சக்கரத்தோடு சேர்ந்து சுற்ற வேண்டும். மறுபக்கத்தையும் அப்படியே பார்த்து, இரண்டையும் கைபேசியில் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள். தானியங்கி ஹப்புகளை மணலோ சரளையோ உள்ள தளத்தில் ஒரு மெக்கானிக்கை வைத்துச் சோதிப்பதே சரி. காய்ந்த தாரில் 4எச் போட்டு வளைத்து ஓட்டிச் சோதிக்காதீர்கள். முன்னும் பின்னும் வெவ்வேறு தூரம் சுழல வேண்டியிருப்பதால் முறுக்கம் ஏறி, கியரையும் ஷாஃப்ட்டையும் அது தின்றுவிடும். ஆனால் ஹப்பை மட்டும் லாக் செய்து, லீவரை 2எச்சிலேயே வைத்துத் தாரில் ஓட்டுவதில் தீங்கில்லை. மாதம் ஒருமுறை அப்படிச் சிறிது தூரம் ஓட்டினால் உள்ளே எண்ணெய் பரவும்.

“பத்து ஆண்டைத் தாண்டிய கார் ஆண்டுதோறும் பரிசோதனையில் தேறுகிறதே, அது போதாதா?” என்று கேட்கலாம். அந்தப் பரிசோதனை பிரேக், ஸ்டீயரிங், விளக்கு, புகை, அடிப்பாகம் என்று சாலைப் பாதுகாப்பைப் பார்ப்பதற்காக ஏற்பட்டது. அதில் தேறியதை நான்கு சக்கர இயக்கத்துக்கான சான்றாக விற்பவர் காட்டினால் ஏற்காதீர்கள். “சிங்கப்பூரில் மண்பாதையே இல்லை, ஹப் எதற்கு?” என்பது இன்னும் நியாயமான கேள்வி. இந்த வாகனங்களை வைத்திருப்பவர்களில் ஒரு பகுதியினர் பாலம் தாண்டி மலேசியக் காட்டுப் பாதைகளுக்குப் போகிறார்கள். அங்கே இழுவை வண்டிக்கு ஆகும் செலவும் ஆபத்தும் வேறு. போகவே போகாதவருக்கும், வாகன உரிமைச் சான்றிதழைப் புதுப்பிக்கும் தொகையோடு, சாலை வரியில் 10 விழுக்காட்டில் தொடங்கி 50 விழுக்காடு வரை ஏறும் கூடுதல் கட்டணத்தையும் கட்டி வைத்திருக்கும் வாகனம் இது. நாளை விற்கும்போது அவரையும் இன்னொருவர் இதே கேள்வி கேட்பார்.

சட்டம் என்ன தருகிறது? பயனீட்டாளர் பாதுகாப்பு (நியாய வர்த்தகம்) சட்டத்தில் 2012 செப்டம்பர் 1 முதல் நடப்புக்கு வந்த, ‘லெமன் சட்டம்’ என்று எல்லாரும் சொல்லும் விதிகள் பழைய வாகனங்களுக்கும் பொருந்தும். ஒப்படைத்த ஆறு மாதத்துக்குள் குறை தெரிந்தால், அது ஒப்படைக்கும்போதே இருந்ததாகவே பொதுவாகக் கொள்ளப்படும். இல்லை என்று காட்டுவது விற்றவர் பொறுப்பு. முதலில் அவர் தன் செலவில் பழுதுபார்க்கவோ மாற்றித் தரவோ வேண்டும். நியாயமான காலத்தில் அது நடக்காவிட்டால் விலைக்குறைப்போ, வாகனத்தைத் திருப்பிக் கொடுத்துப் பணம் பெறுவதோ கேட்கலாம். ‘இருக்கிறபடியே விற்பனை’ என்ற ஒரு வரியால் இந்த உரிமையை அழித்துவிட முடியாது. ஆனால் இதிலும் ஓட்டைகள் உண்டு. வயதுக்கேற்ற இயல்பான தேய்மானம் குறையாகாது. வாங்கும்போதே சுட்டிக்காட்டப்பட்ட குறைக்கும் பிறகு உரிமை கோர முடியாது. தனிநபர் தனிநபருக்கு விற்றால் லெமன் சட்டமே பொருந்தாது. கடைக்காரர் இன்னொருவருக்காகக் கமிஷனில் விற்றுக் கொடுத்தால், ஒப்பந்தத்தில் விற்பவர் என்று எழுதியிருப்பது யார் பெயர் என்பதிலேயே எல்லாம் தொங்குகிறது.

“பதினைந்து வயது வண்டியின் ஹப் தேய்ந்தது என்றால் நடுவர் சிரிப்பார்” என்ற மறுப்புக்கு விடையும் இங்கேதான் இருக்கிறது. வெறும் தேய்மானம் என்று விற்றவர் சொல்லக்கூடும். “நான்கு சக்கர இயக்கமும் இரு முன் ஹப்புகளும் வேலை செய்கின்றன” என்று ஒப்பந்தத்தில் எழுதிக் கையெழுத்திட்டிருந்தால், பேச்சு தேய்மானத்திலிருந்து பொருளின் வர்ணனைக்கு நகர்ந்துவிடுகிறது. சொன்ன வர்ணனைக்குப் பொருள் பொருந்த வேண்டும் என்ற கடமை தனிநபர் விற்பனையிலும் உண்டு. எழுத மறுப்பவரிடம் விலையைக் குறைத்துக் கேளுங்கள். அந்த மறுப்பே பாதி சோதனை.

பட்டறைக்கும் இதே கணக்குத்தான். பாகம் வாரியாக விலை எழுதி வாங்குங்கள், கழற்றிய பழைய பாகத்தைத் திருப்பிக் கேளுங்கள். தேவையில்லாத பழுதுபார்ப்பைத் தேவை என்று சொல்வது அதே சட்டத்தில் நியாயமற்ற செயல். வேக்குவம் ஹப்பை எடுத்துவிட்டுக் கையால் திருப்பும் வகையைப் போடச் சொன்னால், நிலப் போக்குவரத்து ஆணையத்தின் மாற்றியமைப்பு விதிகளைப் பார்த்துவிட்டு ஒப்புக்கொள்ளுங்கள். தகராறு வந்தால் முதலில் விற்றவருக்கோ பட்டறைக்கோ எழுத்தில் தெரிவியுங்கள், அடுத்து சிங்கப்பூர் பயனீட்டாளர் சங்கம். அங்கும் தீராவிட்டால் சிறு கோரிக்கைகள் நடுவர் மன்றம். அங்கே 20,000 வெள்ளி வரை, இருதரப்பும் ஒப்பினால் 30,000 வரை கேட்கலாம். வழக்கறிஞர் வாதாட இடமில்லை. உரிமை எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் மனுச் செய்துவிட வேண்டும்.