ஒரே உருவம், வேறு வேறு ஈக்கள்

நிலத்தை விட்டு வந்தவர்களுக்கு நிலத்தின் அருமையை நாம் சொல்லித்தர வேண்டியதில்லை. மேற்கு ஆபிரிக்காவின் வொல்ற்றா ஆற்றுப் பள்ளத்தாக்குகளிலும் மக்கள் வளமான வயல்களைப் பாழ்விட்டு ஒதுங்கினார்கள். அவர்களைத் துரத்தியது ஒரு சிறு ஈ.

கறுப்பு ஈ எனப்படும் இது விரைந்தோடும் நீரிலே பெருகும். கடிக்கும்போது ஒருவகைப் புழுவை உடலுக்குள் விடும். அப்புழுவின் குஞ்சுகள் தோலிலும் கண்ணிலும் பரவி, காலப்போக்கில் பார்வையையே பறித்துவிடும்.

1974இல் ஹெலிகொப்டர் மூலம் ஆறுகளில் குடம்பிகளைக் கொல்லும் மருந்து தெளிக்கும் பெருந்திட்டம் ஆரம்பமாகியது. 1980இல் ஐவரி கோஸ்ட் நாட்டில் சில ஈக்கள் அம்மருந்துக்குச் சாகாமல் தப்பின. எவை தப்பின என்பதே கேள்வி. ஏனெனில், ஒரே ஈயென்று முன்னர் எண்ணப்பட்டது உண்மையில் பல இனங்களின் கூட்டம். கண்ணால் பார்த்துப் பிரிப்பது மிகக் கடினம். புல்வெளி இனங்கள் காவும் புழுவே கண்ணை அதிகம் கெடுக்கும். மருந்துக்கு முதலில் தப்பியவையோ காட்டு இனங்கள்.

குடம்பியின் நிறமூர்த்தங்களைப் பார்த்து இனத்தைச் சொல்லலாம். ஆனால் மனிதரைக் கடிப்பது வளர்ந்த ஈ அல்லவா? அங்கேதான் நொதியங்கள் கைகொடுத்தன. மண்வெட்டியின் வேலை எங்கும் ஒன்றுதான். ஆனால் ஊருக்கு ஊர் அலகும் பிடியும் சற்று வேறுபடும். அதுபோல, ஒரே வேலையைச் செய்யும் நொதியமும் இனத்துக்கு இனம் அமைப்பில் சிறிது மாறும். ஈயை நசுக்கி, மாப்பொருட் கூழில் இட்டு மின்சாரம் செலுத்தினால், அந்நொதியங்கள் வெவ்வேறு தூரம் நகரும். சாயமிட்டதும் கோடுகள் தெரியும். நொதியம் கெடாதிருக்க ஈயைக் கடுங்குளிரில் வைத்திருக்க வேண்டும். ஒரு நொதியம் மட்டும் எல்லா இனங்களையும் பிரிக்காது; பலவற்றைச் சேர்த்தே பார்க்க வேண்டும்.

எந்த ஆற்றில் எந்த ஈ என்று தெரிந்தால், எங்கே எம்மருந்து என்றும் முடிவு செய்யலாம். பழைய மருந்து பலிக்காத இடங்களில் பக்ரீரியாவிலிருந்து பெற்ற மருந்து உதவியது. 1987 முதல் புழுவுக்கெதிரான குளிசையும் இலவசமாகக் கிடைத்தது. 2002இல் திட்டம் முடிவுற்றபோது, ஏறத்தாழ 250 இலட்சம் ஹெக்டேயர் நிலம் மீண்டும் குடியேறவும் பயிரிடவும் ஏற்றதாகியிருந்தது.

நம் நாட்டில் மலேரியாவைப் பரப்பிய நுளம்பிலும் உருவம் ஒத்த இரு இனங்கள் உண்டு. அவற்றுள் ஒன்றே பெருங்குற்றவாளி. 2016இல் இலங்கை மலேரியா அற்ற நாடெனச் சான்று பெற்றது. ஊருக்குத் திரும்பும் வழியில் இத்தகைய அறிவும் ஒரு துணையென்று நாம் நம்புகிறோம்.