அப்பாவின் தகரப் பெட்டியும் சிங்கப்பூரின் ஈரக் காற்றும்

சென்ற டிசம்பரில் விடாமல் மழை பெய்த ஒரு வாரத்தில், எங்கள் வீவக வீட்டின் ‘பாம் ஷெல்டர்’ அறையை ஒழுங்குபடுத்தத் தொடங்கினேன். பழைய மின்விசிறி, பயணப் பெட்டிகள், தீபாவளி விளக்குகள் எல்லாவற்றுக்கும் பின்னால், மூலையில், ஒரு பிஸ்கட் தகரப் பெட்டி இருந்தது. மூடியின் ஓரம் துருப்பிடித்திருந்தது. திறந்ததும் ஈரத் துணியின் வாடை அடித்தது.

அது அப்பாவின் பெட்டி. 1980களில் இந்தியாவில் வளர்ந்தவர்களுக்கு ‘பிக் ஃபன்’ பபிள் கம் நினைவிருக்கும். மிட்டாயுடன் கிரிக்கெட் வீரரின் படம் போட்ட சிறிய அட்டை வரும். ஓட்டங்களையும் விக்கெட்டுகளையும் சேர்த்துக் கொடுத்தால் பரிசு. கும்பகோணத்தில் ஐந்தாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்த அப்பா, பரிசு வேண்டாம், அட்டைதான் வேண்டும் என்று சேர்த்து வைத்திருக்கிறார். மொத்தம் 64 அட்டைகள். 2001ல் வேலைக்காகச் சிங்கப்பூர் வந்தபோது, துணிமணிகளுக்கு நடுவே அந்தப் பெட்டியும் வந்தது.

என் அறையில் புது அலமாரி போட்டபோது, “இங்கே பத்திரமாக இருக்கும்” என்று சொல்லி அதை ஷெல்டர் அறைக்குக் கொண்டுபோனது நான்தான். இரண்டு ஆண்டுகளுக்குப் பிறகு திறந்து பார்த்தால், பாதி அட்டைகள் ஒரே கட்டியாக ஒட்டிக்கொண்டிருந்தன. மேலே பழுப்புப் புள்ளிகள். பதற்றத்தில் மேலிருந்த அட்டையை நகத்தால் பிரித்து இழுத்தேன். கபில் தேவின் முகத்தில் பாதி, அடுத்த அட்டையின் முதுகோடு போய்விட்டது.

அப்பா திட்டவில்லை. “விடும்மா, பழைய பேப்பர்தானே” என்றார். ஆனால் அந்த அட்டையை உடனே கீழே வைக்கவும் இல்லை.

அன்றிரவே, மீதமுள்ள அட்டைகளை எப்படிக் காப்பாற்றுவது என்று தேட ஆரம்பித்தேன். தொடக்கப்பள்ளியில் போக்கிமான் அட்டைகளைச் சேர்த்தவள் நான். உங்களில் பலரும் போக்கிமான், காற்பந்து வீரர் அட்டைகள், கே-பாப் படங்கள் என்று எதையாவது சேர்த்துக்கொண்டிருப்பீர்கள். நான் கற்றுக்கொண்டவை உங்களுக்கும் உதவக்கூடும்.

*தூக்கி எறிந்தவையே விலைபோகின்றன*

விளையாட்டு வீரர்களின் அட்டைகளைச் சேர்க்கும் பழக்கம் பெரிதாக வளர்ந்த இடம் அமெரிக்கா. நூறு ஆண்டுகளுக்கு முன்பே சிகரெட் பெட்டிகளில் பேஸ்பால் வீரர்களின் அட்டைகளை வைத்து விற்றார்கள். பிறகு அவை பபிள் கம் பாக்கெட்டுக்கு மாறின. ‘டாப்ஸ்’ நிறுவனம் 1952ல் வெளியிட்ட மிக்கி மேன்டல் அட்டை ஒன்று, 2022 ஆகஸ்ட் மாதத்தில் 12.6 மில்லியன் அமெரிக்க டாலருக்கு ஏலம் போனது.

அதே 1952 தொகுப்பில் விற்காமல் தேங்கிய அட்டைகளை, இடத்தை அடைக்கின்றன என்று அந்த நிறுவனமே 1960ல் பெட்டி பெட்டியாக அட்லாண்டிக் பெருங்கடலில் கொட்டியது. வீடுகளிலும் பிள்ளைகள் வளர்ந்ததும் பெற்றோர் எடுத்துக் குப்பையில் போட்டார்கள். அப்படி அழிந்தவை போக, யாரோ ஒருவர் மடங்காமல், நனையாமல் வைத்திருந்தவைதான் இன்று அரிதாகிவிட்டன.

அப்பாவின் அட்டைகள் லட்சக்கணக்கில் விலைபோகப்போவதில்லை. இருந்தாலும் அழிவது ஒரே மாதிரிதான், காப்பாற்றும் வழியும் ஒரே மாதிரிதான். ஒரு வேறுபாடு மட்டும் உண்டு. அது நாம் வாழும் இடம்.

*குளிர்நாட்டு அறிவுரை நமக்குப் போதாது*

அட்டைகளைப் பாதுகாப்பது பற்றிய அறிவுரைகளில் பெரும்பாலானவை அமெரிக்க வீடுகளை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. பரணில் வைக்காதீர்கள், நிலவறையில் வைக்காதீர்கள், வீட்டின் நடுவில் உள்ள அலமாரியில் வையுங்கள் என்பார்கள். நமக்குப் பரணும் இல்லை, நிலவறையும் இல்லை. வீட்டுக்கு நடுவில் இருக்கும் காற்றே ஈரக்காற்று.

சிங்கப்பூரின் சராசரி ஈரப்பதம் 80 விழுக்காட்டுக்கும் மேல். விடியற்காலையில் அது 90ஐத் தாண்டும். மழை இல்லாத பிற்பகலில் 60 வரை இறங்கும். காகிதம் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும், பிறகு வெளிவிடும். ஒவ்வொரு முறையும் சிறிது உப்பும், சிறிது சுருங்கும். போக்கிமானின் பளபளப்பான அட்டைகள் வில்போல வளைவதற்கும் இதுதான் காரணம். அதன் ஒரு பக்கம் மெல்லிய தகடு, மறுபக்கம் காகிதம். காகிதம் விரியும், தகடு விரியாது.

ஈரப்பதம் 65, 70 விழுக்காட்டுக்கு மேல் நீடித்தால் பூஞ்சணம் பிடிக்கும். வழவழப்பான பூச்சுள்ள அட்டைகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். ஏறக்குறைய 45 முதல் 55 விழுக்காடு வரை, ஏற்ற இறக்கம் இல்லாமல் இருப்பது நல்லது. ஒரேயடியாக உலர்த்தினாலும் அட்டை வளையும்.

பத்து வெள்ளிக்குள் ஒரு சிறிய ஈரப்பதமானி வாங்கி, வீட்டில் பல இடங்களில் வைத்துப் பார்த்தேன். ஷெல்டர் அறையில் 84. ஜன்னலோர மேசையில் 78. என் படுக்கையறை அலமாரியின் நடுத்தட்டில் 70. தடித்த கதவும் கான்கிரீட் சுவரும் இருப்பதால் ஷெல்டர்தான் பாதுகாப்பான இடம் என்று நினைத்திருந்தேன். காற்றோட்டம் இல்லாமல் கதவை மூடியே வைத்ததால், உள்ளே போன ஈரம் வெளியே வரவே இல்லை.

*காட்சிக்கூடத்தில் கற்றது*

அந்த வார இறுதியில் லிட்டில் இந்தியா போயிருந்தேன். கேம்பல் லேனில், 2015ல் திறக்கப்பட்ட இந்திய மரபுடைமை நிலையத்துக்குள் நுழைந்தேன். முன்பு பள்ளிச் சுற்றுலாவில் வந்தபோது, “ஏன் இவ்வளவு இருட்டாக வைத்திருக்கிறார்கள்?” என்று தோழிகளுடன் சிரித்திருக்கிறேன். இப்போது காரணம் தெரிந்தது. வெளிச்சம் சாயத்தை வெளுக்கும். அந்தச் சேதத்தைத் திரும்பச் சரிசெய்ய முடியாது. அதனால்தான் அரும்பொருளகங்களில் காகிதம், துணி போன்றவற்றுக்கு மங்கலான வெளிச்சம். காட்சியில் இல்லாத தேசியச் சேகரிப்புப் பொருள்களைப் பராமரிக்க, ஜூரோங்கில் தனியாக ஒரு பாதுகாப்பு நிலையமே இருக்கிறது.

வெளியே வந்து சிராங்கூன் சாலை மளிகைக் கடையில் பாட்டிக்காக வசம்பு வாங்கும்போது, அப்பா சொன்ன ஒன்று நினைவுக்கு வந்தது. தஞ்சாவூர் சரஸ்வதி மகால் நூலகத்தில் சுவடிகளைப் பூச்சி அரிக்காமலிருக்க வசம்பு, கருஞ்சீரகம், கிராம்பு, மிளகு, பட்டை ஆகியவற்றைப் பொடித்து, கற்பூரம் சேர்த்து, துணியில் முடிந்து வைப்பார்களாம். ஈரமும் பூச்சியும் நம் முன்னோருக்குப் புதிதல்ல. ஆனால் அதை அப்படியே அட்டைப் பெட்டிக்குள் போட்டுவிடாதீர்கள். மசாலாவின் எண்ணெய் அச்சிட்ட அட்டையில் கறையாகும். அந்துருண்டையின் ஆவி சில வகைப் பிளாஸ்டிக்கைக் கெடுக்கும்.

*வீட்டில் செய்யக்கூடியவை*

முதலில் ரப்பர் பேண்டைக் கழற்றுங்கள். அப்பா அணி அணியாகப் பிரித்து ரப்பர் பேண்ட் போட்டிருந்தார். அது அட்டையின் ஓரத்தை அழுத்திப் பள்ளமாக்கியதோடு, உருகிப் பழுப்புக் கோடாகவும் ஒட்டியிருந்தது. பெட்டிக்கு அடியில் விரித்திருந்த செய்தித்தாளும் தவறுதான். நாளிதழ்க் காகிதத்தில் உள்ள அமிலம், தொட்டுக்கொண்டிருக்கும் அட்டையையும் மஞ்சளாக்கும்.

அடுத்தது உறை. ஒவ்வோர் அட்டைக்கும் தனி உறை வேண்டும். பாலிப்ரொப்பிலீன் அல்லது பாலியெஸ்டர் உறைகள் பாதுகாப்பானவை. மென்மையாகவும் பிளாஸ்டிக் வாடையுடனும் இருக்கும் பிவிசி உறைகளைத் தவிர்க்கவும். பிவிசியை மென்மையாக்கச் சேர்க்கும் பொருள் நாளடைவில் கசிந்து அச்சில் ஒட்டிக்கொள்ளும். அட்டை விற்கும் கடைகளில் நூறு மெல்லிய உறைகள் சில வெள்ளிதான். மதிப்புள்ள அட்டையை முதலில் மெல்லிய உறையில் போட்டு, அதன் பிறகே ‘டாப்லோடர்’ எனப்படும் கெட்டியான உறைக்குள் நுழைக்க வேண்டும். லேமினேட் மட்டும் செய்யவே கூடாது. சூடும் பசையும் பட்ட பிறகு அந்த அட்டையை மீட்க முடியாது.

மூன்றாவதாகப் பெட்டி. ரப்பர் வளையம் உள்ள, காற்றுப் புகாத பிளாஸ்டிக் உணவுப் பெட்டியே போதும். உள்ளே சிலிக்கா ஜெல் பொட்டலங்களையும் ஈரப்பதமானியையும் வையுங்கள். மூடி இறுக்கமாக இல்லாவிட்டால் சிலிக்கா ஜெல் சில நாள்களிலேயே ஊரின் ஈரத்தையெல்லாம் குடித்து நிறைந்துவிடும். நிறம் மாறும் வகை என்றால், எப்போது மாற்ற வேண்டும் என்பது பார்த்தாலே தெரியும். துணி அலமாரியில் தொங்கவிடும், அடியில் நீர் சேரும் ஈரமுறிஞ்சியை அட்டைப் பெட்டிக்குள் வைக்காதீர்கள். கவிழ்ந்தால் எல்லாம் போச்சு. அரிசியும் வேண்டாம். அது பூச்சியை விருந்துக்கு அழைப்பதுபோல். படக்கருவிகளுக்கான உலர்பெட்டி இருப்பவர்களுக்குக் கவலையே இல்லை. ஆனால் அது கட்டாயம் இல்லை.

நான்காவது, இடம். மழைச்சாரல் படும் வெளிச்சுவர், சமையலறை, குளியலறைச் சுவர் ஆகியவற்றை ஒட்டி வேண்டாம். சாமி மேடைக்குப் பக்கத்திலும் வேண்டாம். சாம்பிராணிப் புகையும் ஊதுபத்திக் கரியும் மெல்லப் படியும். தரையிலும் வைக்காதீர்கள். படுக்கையறையில் உட்சுவரை ஒட்டிய அலமாரியின் நடுத்தட்டு நல்ல இடம். இரவு முழுவதும் ஏர்கான் ஓடும் அறையில் பெட்டியைக் காலையில் உடனே திறக்காதீர்கள். குளிர்ந்த அட்டையின்மேல் வெளிக்காற்றின் ஈரம் பனியாகப் படியும். அறையின் வெப்பத்துக்கு வரும்வரை மூடியே இருக்கட்டும்.

கடைசியாக, பெட்டியின்மேல் பெயர் எழுதி ஒட்டுங்கள். தீபாவளிக்கு முன் வீட்டைச் சுத்தம் செய்யும்போது குப்பைக்குப் போகும் பொருள்களில் பாதி, என்னவென்று தெரியாததால் போகின்றன.

*ஏற்கெனவே ஒட்டிக்கொண்டால்?*

நான் செய்ததைச் செய்யாதீர்கள். இழுக்கக் கூடாது. முடி உலர்த்தியோ வெயிலோ வேண்டாம். பூஞ்சணம் பிடித்ததை மற்றவற்றிலிருந்து முதலில் பிரித்து வையுங்கள். ஏர்கான் அறையில், வெளிச்சம் நேராகப் படாத இடத்தில், சில நாள்கள் மெதுவாக உலர விடுங்கள். நன்றாக உலர்ந்த பிறகு, முகக்கவசம் அணிந்து, வீட்டுக்கு வெளியே மென்மையான தூரிகையால் பூஞ்சணத்தைத் தட்டிவிடலாம். தானாகப் பிரிவது பிரியட்டும். பிரியாததை அப்படியே விட்டுவிடுங்கள். ஒட்டிய அட்டையாவது முழுதாக இருக்கும்.

அப்படிப் பொறுமையாகக் காத்திருந்ததில், ஒட்டியிருந்த 31 அட்டைகளில் 22 தாமாகவே பிரிந்தன. ஒன்பது இன்னும் ஒரே கட்டியாக, தனி உறையில் இருக்கின்றன. மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை பெட்டியைப் பார்ப்பது என் வேலை. ஐந்து நிமிடம்தான். இன்று காலை 48 விழுக்காடு.

*அட்டை காப்பாற்றாத ஒன்று*

உறையில் போட ஒவ்வோர் அட்டையாக எடுத்தபோது அப்பாவும் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். பாதி முகம் போன கபில் தேவ் அட்டை வந்ததும், 1987 அக்டோபர் 9ஆம் தேதிக்குப் போய்விட்டார். சென்னை சேப்பாக்கத்தில் உலகக் கிண்ணப் போட்டி, எதிரணி ஆஸ்திரேலியா. பக்கத்து வீட்டுத் தொலைக்காட்சி முன்னால் தெருவே கூடியிருந்ததாம்.

டீன் ஜோன்ஸ் அடித்த ஒரு பந்துக்கு நடுவர் நான்கு ஓட்டங்கள் என்று சைகை காட்டினார். ஆறு என்றது ஆஸ்திரேலியத் தரப்பு. இடைவேளையில், இந்திய அணித்தலைவர் கபில் தேவ் அதற்கு ஒப்புக்கொண்டார். 268 என்றிருந்த ஓட்ட எண்ணிக்கை 270 ஆனது. கடைசி ஓவரில் ஸ்டீவ் வா பந்துவீச, மணீந்தர் சிங் ஆட்டமிழந்தார். இந்தியா 269. ஒரே ஓட்டத்தில் தோல்வி.

“அன்னைக்குத் தெருவில் எல்லாரும் கபிலைத் திட்டினாங்க. எனக்கும் அழுகை. மறுநாள் என் தாத்தாதான், ‘தோத்தாலும் நேர்மையா தோத்தான்டா’ன்னு சொல்லி பபிள் கம் வாங்கக் காசு கொடுத்தார். அதில் வந்த அட்டைதான் இது” என்றார் அப்பா.

இருபது ஆண்டுகளாக ஒரே வீட்டில் இருக்கிறோம். இந்தக் கதையை நான் கேட்டதே இல்லை. அந்த அட்டை முழுதாக இருந்திருந்தாலும், அப்பா சொல்லாமல் எனக்குத் தெரிந்திருக்காது.

இப்போது ஒவ்வோர் உறைக்குப் பின்னாலும், அட்டையைத் தொடாதபடி, அமிலமில்லாத சிறு காகிதத்தில் பென்சிலால் இரண்டு வரி எழுதி வைக்கிறேன். எங்கே கிடைத்தது, யாரிடம் மாற்றியது, எந்த ஆட்டம். இதுவரை 17 அட்டைகளுக்கு எழுதியாகிவிட்டது. மீதியை அப்பா ஞாயிற்றுக்கிழமைகளில் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

உங்கள் வீட்டிலும் அலமாரிக்குப் பின்னால் ஒரு பெட்டி இருக்கலாம். தபால்தலையோ, படமோ, கடிதமோ. அடுத்த மழைக்கு முன் திறந்து பாருங்கள். திறக்கும்போது அதற்குரியவரையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்ளுங்கள்.