கைமாத்து போச்சு, வரியாவது குறையுமா?

"அண்ணே, ஆவணியில பொண்ணுக்குக் கல்யாணம். ஒரு 2 லட்சம் புரட்டிக் கொடுங்க. தை பிறந்ததும் தந்துடறேன்."

கேட்டவர் அம்பத்தூர் எஸ்டேட்டில் வேலை பார்க்கும் சிநேகிதர். கள்ளிக்குப்பத்தில் மளிகைக் கடை வைத்திருப்பவர் முகத்துக்காகக் கொடுத்துவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். இரண்டு தை போயாச்சு. சிநேகிதர் போனை எடுப்பதே இல்லை!

அதே கடையில் இன்னொரு பாக்கியும் உண்டு. அரிசி, எண்ணெய் எல்லாம் கணக்கில் வாங்கிவிட்டு, வீட்டைக் காலி செய்து போனவர்கள் வைத்த பாக்கி 40 ஆயிரம்.

இரண்டுமே வராத கடன்தான். வருமான வரிக் கணக்கில் கழிக்கலாமா? 40 ஆயிரத்தைக் கழிக்கலாம். 2 லட்சத்தைக் கழிக்க முடியாது!

ஏன் இப்படி?

சரக்கு கொடுத்த அன்றே அது விற்பனையாகக் கணக்கில் ஏறி, வரியும் விழுந்துவிட்டது. கைமாத்து எந்த நாளும் வருமானத்தில் ஏறவில்லை. வட்டித் தொழிலே நடத்துகிறவர் கொடுத்த கடன் என்றால் மட்டும் கழிக்கலாம். 1961-ம் ஆண்டு சட்டத்தின் 36-வது பிரிவு சொன்னது இதுதான். 2025-ம் ஆண்டின் புதிய சட்டமும் இதே வழிதான்.

சரக்குப் பாக்கி வராது என்று நிரூபித்துக்கொண்டு அலைய வேண்டாம். கணக்குப் புத்தகத்தில் தள்ளுபடி எழுதினாலே போதும் என்று டி.ஆர்.எப். கம்பெனி வழக்கில் 2010-ல் சுப்ரீம் கோர்ட்டு சொல்லிவிட்டது. ஆனால் 'விற்பனையில் 8 சதவிகிதம் லாபம்' என்று மொத்தமாகக் காட்டும் சிறு கடைக்காரர், இதையும் தனியாகக் கழிக்க முடியாது.

சம்பளக்காரர் ஆபீஸ் நண்பருக்குக் கொடுத்தது போனால் போனதுதான். அமெரிக்காவில் இப்படிப் போன கடனை மூலதன நஷ்டமாகக் காட்டி, மற்ற வருமானத்தில் ஆண்டுக்கு 3 ஆயிரம் டாலர் வரை கழிக்கலாம். இங்கே அந்தப் பேச்சே இல்லை.

ரொக்கமா?

அந்த 2 லட்சத்தை ரொக்கமாக எண்ணிக் கொடுத்திருந்தால் வேறு வில்லங்கம். 20 ஆயிரமோ அதற்கு மேலோ ரொக்கமாகக் கடன் வாங்கக் கூடாது. மீறினால் வாங்கினவருக்கு அதே தொகை அபராதமாக விழலாம்.

வரியில் வழி இல்லை, கோர்ட்டில் உண்டு. கேட்டவுடன் தருவதாக எழுதிய புரோ நோட்டுக்கு, எழுதிய தேதியிலிருந்து 3 ஆண்டு கெடு. அதற்குள் 500 ரூபாயாவது கொடுத்து, கொடுத்ததை எழுதிக் கையெழுத்துப் போட்டால் அன்றிலிருந்து மறுபடி 3 ஆண்டு.

நம் கடைக்காரர் நோட்டு எழுதி வாங்கியிருந்தால், அடுத்த தை தாண்டி வரும் ஆவணியோடு கெடு முடிகிறது.