எல்லைக்கு உள்ளே – 9: ஆற்று மணலும் நாட்டுக் காவலும்

1956 நவம்பர் 23, விடிவதற்கு முன். மருதையாற்றில் வெள்ளம். சென்னையிலிருந்து தூத்துக்குடிக்குப் போய்க்கொண்டிருந்த எக்ஸ்பிரஸ் ரயில், அரியலூர் அருகே வெள்ளம் அரித்துவிட்டிருந்த பாலத்தில் ஏறியது. எஞ்சினும் பெட்டிகளும் ஆற்றுக்குள் விழுந்தன. நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். ரயில்வே அமைச்சர் லால் பகதூர் சாஸ்திரி பொறுப்பேற்றுப் பதவி விலகினார். அந்த ராஜினாமாவை இன்றும் மேடைதோறும் புகழ்கிறோம். மருதையாற்றைத்தான் யாரும் நினைப்பதில்லை.

பச்சைமலையில் பிறந்து பெரம்பலூர், அரியலூர் வழியாகக் கொள்ளிடத்தில் சேரும் சிற்றாறு அது. ஆண்டின் பெரும்பகுதி வறண்டு கிடக்கும். அப்படிப்பட்ட ஆறு ஒரே இரவில் தென் மாவட்டங்களின் ரயில் பாதையைத் துண்டித்துவிட்டது. எந்த எதிரி நாடும் அன்றைக்கு அரியலூர் பக்கம் வரவில்லை.

சென்ற வாரம் ஆப்பிரிக்காவின் சாட் ஏரியைப் பார்த்தோம். நீர் சுருங்கிப் பிழைப்பு போன கரைகளில் ஆயுதக் குழுக்களுக்கு ஆள் பிடிப்பது எளிதாயிற்று. இங்கே துப்பாக்கி இல்லை, மணல் அள்ளிப் போகும் டிப்பர் லாரிதான்.

அரியலூர் மாவட்டத்தின் தெற்கு எல்லை கொள்ளிடம். அதன் பாலங்கள் பாறைமேல் நிற்பவை அல்ல. மணலுக்குள் ஆழமாக இறக்கிய கிணற்று அஸ்திவாரங்களின் மேல்தான் தூண்கள் நிற்கின்றன. சுற்றியுள்ள மணல்தான் அந்தக் கிணற்றை இறுக்கிப் பிடித்திருக்கிறது. வெள்ளம் வரும்போது தூணைச் சுற்றிப் பல அடிக்கு மணல் அரிக்கும் என்று பொறியாளருக்குத் தெரியும். அதற்கும் சேர்த்தே ஆழம் குறிக்கிறார். வெள்ளம் வருவதற்கு முன்பே பொக்லைன் அந்த மணலை அள்ளிவிட்டிருந்தால் அவர் போட்ட கணக்கு பொய்த்துப்போகிறது. கோடையில் பாலத்திலிருந்து குனிந்து பாருங்கள். மண்ணுக்குள் இருக்க வேண்டிய வட்டச் சுவர் வெளியே தெரிந்தால் நிலைமை சரியில்லை.

2018 ஆகஸ்டில் திருச்சியில் பழைய கொள்ளிடம் இரும்புப் பாலத்தின் தூண்கள் சரிந்தன. சில நாள் கழித்து, 22-ஆம் தேதி இரவு, 1830-களில் ஆர்தர் காட்டன் கட்டிய முக்கொம்பு மேலணையில் ஒன்பது மதகுகள் அடித்துச் செல்லப்பட்டன. மணல் கொள்ளைதான் காரணம் என்றார்கள் விவசாயிகள். அணைக்கு வயதாகிவிட்டது என்றது அரசு. எனக்கு இந்த இரண்டும் ஒன்றையொன்று மறுப்பதாகத் தெரியவில்லை. வயதான அணையின் காலடியில்தானே மணலை அதிகம் பாதுகாத்திருக்க வேண்டும்?

பாலம் ஒரு பக்கம். தண்ணீர் இன்னொரு பக்கம். மணல் தன் கன அளவில் ஏறத்தாழ கால் பங்கு தண்ணீரைத் தேக்கி, மெல்லக் கசியவிடும். நூறு லாரி மணல் போனால் இருபத்தைந்து லாரி தண்ணீர் நிற்கும் இடமும் கூடவே போகிறது. அதே கொள்ளிடத்தின் கீழணையிலிருந்துதான் வடவாறு வழியாக வீராணம் ஏரிக்கும், 2004 முதல் அங்கிருந்து குழாயில் சென்னைக்கும் தண்ணீர் போகிறது. கீழணைப் பக்கம் நடப்பது தலைநகரத்துக்குத் தொலைதூரச் சங்கதி அல்ல.

இதைவிடக் கவலை தருவது வேறு. ஆற்று மணலுக்குத் தட்டுப்பாடு வந்ததும், கல்லை உடைத்துச் செய்யும் எம்-சாண்டுக்கு மாறினோம். ஆறு தப்பித்தது என்று நினைத்தோம். சுமை பெரம்பலூர்க் கல் குவாரிகளின் மேல் ஏறியது. 2023 அக்டோபர் 30 அன்று பெரம்பலூர் ஆட்சியர் அலுவலக வளாகத்தில் குவாரி ஏலத்துக்கு விண்ணப்பம் போட வந்தவர்களை ஒரு கும்பல் தாக்கியது. அதிகாரிகளும் போலீஸாரும்கூடத் தப்பவில்லை. ஏலம் நிறுத்தப்பட்டது. அடுத்த மாதமே மணல் குவாரி முறைகேடு விசாரணையில் அரியலூர் உட்பட ஐந்து மாவட்ட ஆட்சியர்களுக்கு அமலாக்கத் துறை சம்மன் அனுப்பியது. மாநில அரசு நீதிமன்றம் போனது. ஆட்சியர்கள் ஆஜராகத்தான் வேண்டும் என்று 2024 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் சொன்னது.

மத்திய, மாநில அரசியலை ஒதுக்கிவிட்டே இதைப் பார்க்கலாம். ஆட்சியர் அலுவலகத்துக்குள்ளேயே ஏலம் நடத்த முடியாத அரசு, நள்ளிரவில் ஆற்றுக்குள் இறங்கும் வண்டியை எப்படித் தடுக்கும்? நாட்டின் பாதுகாப்பு முதலில் பழுதாவது இங்கேதான்.

பெரிய திட்டம் எதுவும் கேட்கவில்லை. கொள்ளிடத்தின் ஒவ்வொரு பாலத்தின் கீழும் ஆற்றுப் படுகை மட்டத்தை வெள்ளத்துக்கு முன்னும் பின்னும் அளந்து, அந்த எண்ணைப் பாலத்தின் முகப்பில் எழுதி வையுங்கள். திருமானூர் பாலத்தைக் கடக்கும் பஸ் பயணிக்குத் தன் காலுக்குக் கீழே எத்தனை அடி மணல் மிச்சம் என்று தெரியட்டும்.

அடுத்த வாரம்: அரியலூரின் சுண்ணாம்புக்கல் சுரங்கங்களுக்குள் இறங்குவோம்.